பட்டு நூலைப் பிடித்துக்கொண்டு லியோனில் மூன்று நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

பிரான்ஸுக்குப் போகிறவர்களில் பலர் பாரிஸோடு திரும்பிவிடுகிறார்கள். யோசனை கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: பயணத்தில் மூன்று நாளைப் பிரித்து லியோனுக்குக் கொடுங்கள். பாரிஸில் டிஜிவி என்ற அதிவேக ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். நடந்தே பார்க்கக்கூடிய அளவான ஊர். பிரான்ஸில் சாப்பாட்டுக்குப் பேர்போன ஊரும் அதுதான்.

ஊரில் பார்க்க இருப்பவை ஒரே காலத்தைச் சேர்ந்தவை அல்ல. கி.மு. 43இல் ரோமானியர்கள் லுக்தூனும் என்ற பெயரில் நிறுவிய ஊர் இது. ரோமானிய அரங்கு ஒரு பக்கம், 16ஆம் நூற்றாண்டு வணிகர் வீடுகள் ஒரு பக்கம், 19ஆம் நூற்றாண்டுத் தறி வீடுகள் இன்னொரு பக்கம். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் மூன்றாம் நாள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். பிடித்துக்கொண்டு நடக்க ஒரு நூல் வேண்டும். லியோனில் அந்த நூல் பட்டு.

1536இல் அரசர் முதலாம் பிரான்சுவா இங்கே பட்டு நெய்யச் சலுகை கொடுத்தார். அதிலிருந்து மூன்று நூற்றாண்டுக்கு மேல் இந்த ஊரின் சோறு பட்டில்தான் இருந்தது. கட்டடங்களுக்கு ஊடே ஓடும் சந்துகள், வழக்கத்துக்கு மாறான உயர ஜன்னல்கள், விடிந்ததும் கறி சாப்பிடும் பழக்கம், ஒரு பாலாடைக்கட்டிக்கு வைத்திருக்கும் விநோதப் பெயர் என்று எதைக் கேட்டாலும் பதில் தறிக்காரர்களிடம் போய் நிற்கும். காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ தறியைப் பார்த்திருந்தால் மேலே ஏற்றியிருக்கும் ஜக்கார்டு பெட்டியையும் பார்த்திருப்பீர்கள். அது ஜோசப் மாரி ஜக்கார் என்ற லியோன்காரரின் பெயர். 1752இல் இந்த ஊரில் பிறந்தவர். துளையிட்ட அட்டைகளை வைத்துப் பூ வேலைப்பாட்டை நெய்யும் அவருடைய முறை 1804 வாக்கில் இங்கிருந்துதான் புறப்பட்டது.

கிளம்பும் முன்

முதலில் ஊர் எப்படிக் கிடக்கிறது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வடக்கிலிருந்து தெற்காக இரண்டு ஆறுகள் ஓடுகின்றன. கிழக்கே ரோன், மேற்கே சோன். இரண்டுக்கும் நடுவே நாக்கு மாதிரி நீண்டு கிடக்கும் நிலம் ப்ரெஸ்கீல். கடைத்தெரு, சதுக்கங்கள், நகர மண்டபம் எல்லாம் அங்கே. சோனைத் தாண்டினால் பழைய லியோன், அதன் தலைக்கு மேல் ஃபூர்வியேர் மலை. ப்ரெஸ்கீலின் வடக்கு முனையில் க்ருவா ரூஸ் மலை. ஃபூர்வியேர் பிரார்த்தனை செய்யும் மலை, க்ருவா ரூஸ் உழைக்கும் மலை என்று ஊரில் ஒரு சொல் உண்டு. ஒன்றில் மாதா கோயில், மற்றதில் தறிகள். ரோனுக்குக் கிழக்கே இருப்பது புது ஊர். இவ்வளவு தெரிந்தால் வரைபடத்தை அடிக்கடி எடுக்க வேண்டாம், மலையைப் பார்த்தே திசை சொல்லிவிடலாம்.

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் போவதாக இருந்தால் தள்ளிப்போடாமல் விண்ணப்பித்துவிடுங்கள்.

ரயில் டிக்கெட் எடுக்கும்போது எந்த நிலையம் என்று பாருங்கள். பார்-தியு, பெராஷ் இரண்டும் ஊருக்குள். 'லியோன் செந்த் எக்ஸுபெரி' என்று போட்டிருந்தால் அது விமான நிலையத்து ரயில் நிலையம், ஊருக்கு வெளியே 20 கிலோமீட்டருக்கு மேல். இந்தப் பெயரைப் பார்த்து அங்கே இறங்கித் திண்டாடுகிறவர்கள் உண்டு. விமானத்தில் வந்து இறங்குகிறவர்களுக்கு ரோனெக்ஸ்பிரஸ் என்ற டிராம் அரை மணிக்குள் பார்-தியுவில் கொண்டுவந்து விடும்.

ஊருக்குள் ஏ, பி, சி, டி என்று நான்கு மெட்ரோ வழிகள். டி வழியில் ஓட்டுநர் கிடையாது. குழந்தைகளோடு போனால் முதல் பெட்டியின் முன் கண்ணாடியருகே நின்று சுரங்கத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம். சி வழி பல்சக்கரத் தண்டவாளத்தில் மலை ஏறும். அதில் க்ருவா பாக்கே நிலையத்தில் நடைமேடையே சரிவாக இருக்கும். ஃபூர்வியேர் பக்கம் ஏறுவதற்கு இழுவை ரயில்கள் இரண்டு. உள்ளூர்க்காரர்கள் அவற்றை 'ஃபிசெல்' என்பார்கள், அதாவது கயிறு. ஒரு மணி நேர டிக்கெட் எடுத்தால் மெட்ரோ, டிராம், பஸ், ஃபிசெல் எல்லாவற்றிலும் மாறி மாறிப் போகலாம். ஒரே நாளில் இரண்டு மூன்று அருங்காட்சியகம் பார்க்கும் எண்ணம் இருந்தால் லியோன் சிட்டி கார்டு வாங்குங்கள். போக்குவரத்தும் அருங்காட்சியக நுழைவும் அதற்குள் அடக்கம். நடந்து சுற்றி நன்றாகச் சாப்பிட்டால் போதும் என்பவர்களுக்கு அது தேவையில்லை.

தங்குவதற்கு ப்ரெஸ்கீலில் பெல்கூர் அல்லது தெரோ சதுக்கத்துப் பக்கம் பாருங்கள். பார்-தியு ரயிலுக்கு வசதி, ஆனால் ஜன்னலைத் திறந்தால் அலுவலகக் கட்டடங்கள்தான் தெரியும். மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஆகஸ்டில் வெயிலும் கடுமை, சின்ன உணவகங்கள் பலவும் விடுமுறைக்குப் பூட்டிவிடும். திங்கட்கிழமையை மட்டும் முக்கியமான நாளாக வைத்துக்கொள்ளாதீர்கள். அன்று பெரும்பாலான அருங்காட்சியகங்களும் சந்தைகளும் மூடல்.

முதல் நாள்: பிரார்த்தனை மலையிலிருந்து கீழே

காலையில் டி வழி மெட்ரோவில் வியு லியோன் நிலையத்துக்குப் போய், அங்கேயே ஃபிசெல் பிடித்து ஃபூர்வியேர் உச்சிக்குப் போய்விடுங்கள். ஏறுவதற்கு ரயில், இறங்குவதற்குக் கால். இந்த ஊரில் மூன்று நாளும் இதே வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம்.

மேலே நோத்ர் தாம் பேராலயம். 1872இல் தொடங்கிக் கட்டியது. வெளியே கோட்டை மாதிரி வெள்ளைக் கல், உள்ளே சுவர் முழுக்கத் தங்க நிறத்தில் பதிகல் ஓவியங்கள். பக்கத்து மேடையில் நின்றால் முன்பு மனதில் வாங்கிக்கொண்ட வரைபடம் அப்படியே கண்முன் விரியும்: சோன், ப்ரெஸ்கீல், ரோன், இடது கையில் க்ருவா ரூஸ். வானம் தெளிந்திருந்தால் தொலைவில் மோன் ப்ளான் சிகரமும் தெரியும்.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் ரோமானிய அரங்கு. கி.மு. 15 வாக்கில் எழுப்பத் தொடங்கியது. ஏறத்தாழ 10,000 பேர் உட்காரக்கூடியது. கல் படிகளில் நீங்களும் உட்காரலாம், கட்டணம் இல்லை. கோடையில் இங்கே நுயி தெ ஃபூர்வியேர் என்ற கலை விழா நடக்கும். இருட்டும் நேரத்தில் அந்தப் படியில் உட்கார்ந்து ஒரு இசை நிகழ்ச்சி பார்க்க வாய்த்தால் விடாதீர்கள்.

அரங்கின் அருகே மலைச்சரிவுக்குள் புதைந்தது போல லுக்தூனும் அருங்காட்சியகம். நேரம் குறைவு என்றாலும் ஒரே ஒரு பொருளுக்காக உள்ளே போகச் சொல்வேன். அது கிளாடியஸின் வெண்கலப் பலகை. இந்த ஊரில் பிறந்து ரோமானியப் பேரரசரானவர் கிளாடியஸ். கி.பி. 48இல் ரோம் செனட்டில் எழுந்து, கால் (Gaul) என்று அன்று அழைத்த பிரான்ஸ் நிலத்தின் வடக்குப் பகுதிப் பெரிய மனிதர்களையும் செனட்டில் சேர்க்க வேண்டும் என்று வாதாடினார். அந்தப் பேச்சைச் சொந்த ஊர்க்காரர்கள் வெண்கலத்தில் பொறித்து வைத்துவிட்டார்கள். 1528இல் க்ருவா ரூஸ் சரிவில் ஒருவர் நிலத்தைத் தோண்டும்போது கிடைத்தது. எழுத்துகள் இன்றும் அவ்வளவு கூர்மை. லத்தீன் தெரியாவிட்டாலும் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.

பேராலயத்துக்குத் திரும்பி வந்து, ரோசேர் தோட்டம் வழியாக இறங்கினால் பழைய லியோன். சுண்ணாம்புச் சுவரில் காவியும் மஞ்சளும் பூசிய வீடுகள். 1960களில் இதையெல்லாம் இடித்துச் சாலை போடும் பேச்சு இருந்தது. 1964இல் பிரான்ஸின் முதல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக இதை அறிவித்தார்கள், வீடுகள் தப்பின. 1998இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஊரின் பழைய பகுதிகள் சேர்ந்தன.

இங்கேதான் 'த்ரபூல்' என்ற ஊடுவழிகள். ஒரு தெருவில் ஒரு வீட்டுக் கதவைத் தள்ளி நுழைந்தால், இருட்டு நடை, நடுவே முற்றம், சுழல் படிக்கட்டு, மறுபடி நடை, கடைசியில் வேறொரு தெருவில் வெளியே வருவீர்கள். 'குறுக்கே நடப்பது' என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே நீள நீளத் தெருக்கள் மட்டும் இருந்து குறுக்குச் சந்து குறைவாக இருந்ததால் வந்த ஏற்பாடு. பின்னாளில் பட்டுச் சுமையை மழையில் நனையாமல் கொண்டுபோகவும் உதவியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களுக்குத் தப்பி ஓடிய எதிர்ப்பு இயக்கத்தினருக்கும் இவைதான் வழி.

நூற்றுக்கணக்கில் இருக்கும் த்ரபூல்களில் மக்கள் பார்வைக்குத் திறந்திருப்பவை கொஞ்சம்தான். முதலில் ரூ செந்த் ழான் தெருவில் 54ஆம் எண் கதவைத் தேடுங்கள். நடையும் முற்றமுமாக மாறி மாறிப் போய் ரூ து பெஃப் தெருவின் 27ஆம் எண்ணில் விடும். பழைய லியோனில் மிக நீளமானது அதுதான். ரூ து பெஃப் தெருவிலேயே 16ஆம் எண்ணில் இளஞ்சிவப்புக் கோபுரம். உள்ளே சுழல் படிக்கட்டு உள்ள அழகான முற்றம். கதவு பூட்டியது போலத் தெரிந்தாலும் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும், அழுத்திப் பாருங்கள். திறக்கவில்லை என்றால் அடுத்ததற்குப் போய்விடுங்கள். காலை நேரம் நல்லது.

ஒன்றை மறந்துவிட வேண்டாம். இவை ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். விளக்கு, சுத்தம், பராமரிப்புச் செலவில் மாநகராட்சி கைகொடுக்கிறது, பதிலுக்கு வீட்டுக்காரர்கள் வழி விடுகிறார்கள். அந்த நல்லெண்ணம் கெட்டால் கதவுகள் மூடிக்கொள்ளும். மெதுவாகப் பேசுங்கள், படி ஏறாதீர்கள், யாராவது எதிரே வந்தால் 'போன்ஜூர்' சொல்லுங்கள்.

அந்தச் சொல்லைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைக்குள் காலை வைத்ததும், பஸ் ஏறியதும், யாரிடமாவது வழி கேட்கும் முன்னும் முதல் சொல் போன்ஜூர். அதைச் சொல்லாமல் நேராக விஷயத்துக்குப் போனால் அவர்களுக்கு அது மரியாதைக் குறைவு. சொல்லிவிட்டால் தட்டுத்தடுமாறிப் பேசினாலும் பொறுமையாகக் கேட்டு உதவுவார்கள்.

சாப்பாடு: கடிகாரமும் கரண்டியும்

லியோனில் சாப்பாட்டைத் தனியாகப் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் பசியோடு நிற்க நேரிடும். மதியம் 12 முதல் 2 வரை, இரவு ஏழு ஏழரைக்கு மேல். நடுவில் சமையலறை மூடல். ஒருமுறை அருங்காட்சியகத்தில் நேரம் போனது தெரியாமல் இரண்டரை மணிக்கு வெளியே வந்தேன். மூன்று இடங்களில் கேட்டும் சாப்பாடு கிடைக்கவில்லை. அன்றிலிருந்து பன்னிரண்டேகாலுக்கே மேசையில் உட்கார்ந்துவிடுவேன். ஞாயிறன்று பல இடங்கள் மூடியிருக்கும் என்பதால் அந்த வேளைக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

உணவுப் பட்டியலில் சில சொற்கள் ஏமாற்றும். 'மெனு' என்றால் நிலையான விலைக்கு முழுச் சாப்பாடு. பட்டியலுக்குப் பெயர் 'கார்த்'. 'ஆந்த்ரே' முதலில் வரும் சின்னத் தட்டு, 'ப்ளா' தான் முக்கிய உணவு. மதியம் 'ப்ளா து ழூர்', அன்றைய உணவு, கேட்டால் சிக்கனம். 'யூன் கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் குடுவையில் வரும், காசில்லை. ரொட்டிக்கும் தனிக்காசு கிடையாது. சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம். சாப்பிட்டு முடித்தாலும் பில்லைத் தானாகக் கொண்டுவர மாட்டார்கள், நாம் கேட்க வேண்டும்: 'லாதிசியோன், சில் வூ ப்ளே.'

இந்த ஊர் உணவகத்துக்குப் பெயர் 'பூஷோன்'. கட்டம் போட்ட மேசைத்துணி, நெருக்கி நெருக்கிப் போட்ட நாற்காலிகள், அடிப்பாகம் தடித்த 46 சென்டிலிட்டர் ஒயின் குப்பி. வாசலில் 'லே பூஷோன் லியோனே' என்ற முத்திரை இருந்தால் முறையாகப் பரிசோதித்துச் சான்று கொடுத்த இடம். பழைய லியோனின் கூட்டம் மிகுந்த தெருக்களில் பெயருக்கு பூஷோன் என்று போட்டுக்கொண்ட கடைகளும் உண்டு, அதனால் முத்திரையைத் தேடுவது நல்லது.

அங்கே கிடைப்பது பணக்காரச் சாப்பாடு இல்லை. விடியும் முன் தறியில் உட்கார்ந்த நெசவாளிகளுக்குக் காலை ஒன்பது மணிக்கே அகோரப் பசி. அந்த நேரத்தில் கறியும் ஒயினுமாக அவர்கள் சாப்பிட்டதுதான் 'மாஷோன்'. இன்றும் சில இடங்களில் காலையில் கிடைக்கும். நல்ல இறைச்சி வாங்கக் கட்டுப்படியாகாததால் குடல், ஈரல், இரைப்பை. 'தப்லியே தெ சபேர்' என்பது மாட்டு இரைப்பையை வெள்ளை ஒயினில் ஊறவைத்து, ரொட்டித்தூள் புரட்டி வறுத்தது. பழைய போர்வீரர்கள் கட்டிய தோல் முன்துணியின் பெயர் அது. 'ஆந்துய்யேத்' குடலை அடைத்த தொத்திறைச்சி, வாடை தூக்கலாக இருக்கும். குடல் குழம்பை ரசித்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊர் பிடித்துப்போகும். கோழி ஈரலை அரைத்து வேகவைத்த 'கேட்டோ தெ ஃபுவா' முதல்முறைக்காரர்களுக்கு நல்ல தொடக்கம்.

கண்டிப்பாகச் சாப்பிட வேண்டியது என்று ஒன்றைக் கேட்டால், கெனெல் என்பேன். மாவு, முட்டை, வெண்ணெயோடு பைக் என்ற ஆற்று மீனை அரைத்துச் சேர்த்து, நீள உருண்டையாகப் பிடித்து, நன்னீர் இறால் வகைச் சாற்றில் சுடச்சுட வரும். அடுப்பில் இரண்டு மடங்காக உப்பி, வாயில் வைத்ததும் கரையும். சாற்றின் பெயர் நாந்துவா.

பெயரால் பயந்துவிடக் கூடாதது 'செர்வெல் தெ கனூ'. கனூ என்றால் லியோன் பட்டு நெசவாளி; சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'தறிக்காரர் மூளை'. மூளை எதுவும் இல்லை. புதுப் பாலாடைக்கட்டியில் சின்ன வெங்காயம், பூண்டு, நறுக்கிய பச்சிலை, எண்ணெய், கொஞ்சம் வினிகர் அடித்துக் கலந்தது. ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள். மூளைக்கறி வாங்க முடியாத ஏழைகளின் பதிலி என்று ஒரு விளக்கம், நெசவாளிகளை மட்டம்தட்ட முதலாளிகள் வைத்த பெயர் என்று இன்னொரு விளக்கம்.

அதுதான் சைவர்களுக்கும் முதல் துணை. 'ழெ சுவி வெஜெத்தாரியேன்' என்று ஆணும், 'வெஜெத்தாரியென்' என்று பெண்ணும் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் 'சான் வியாந்த், சான் புவாஸோன்', இறைச்சி வேண்டாம், மீனும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். மீனை அசைவத்தில் சேர்க்காதவர்கள் அங்கே நிறைய. லியோன் சாலட்டில் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும், எடுத்துவிட்டுத் தரச் சொல்லலாம். வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில் செய்தது. மீன் சேராத 'கெனெல் நாத்யூர்' உண்டு, ஆனால் மேலே ஊற்றும் சாறு எது என்று கேளுங்கள். பாலேட்டில் வெந்த உருளைக்கிழங்கு அடுக்கு, செந்த் மார்ஸ்லேன் பாலாடைக்கட்டி, ரொட்டி என்று ஒரு வேளை நிம்மதியாகப் போகும். மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்றால் 'சான் பெஃப்'. எல்லா வேளையும் பூஷோனில் சமாளிப்பது சைவர்களுக்குச் சிரமம். ஒரு வேளை அங்கே, மற்ற வேளைகளுக்குச் சந்தை அல்லது ரோனுக்குக் கிழக்கே கியோத்தியேர் பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பல நாட்டவர் கடை போட்டிருக்கும் இடம், விலையும் குறைவு.

ஊருக்கு இந்தச் சாப்பாட்டுப் புகழை வாங்கிக் கொடுத்தவர்கள் பெண்கள். பட்டு முதலாளிகளின் வீடுகளில் சமையல் செய்தவர்கள் வெளியே வந்து சொந்தமாகக் கடை போட்டார்கள். அவர்களை 'மேர்', அம்மா என்றே ஊர் அழைத்தது. எழேனி ப்ரசியே 1921இல் ரூ ருவாயால் தெருவில் கடை தொடங்கினார். 1933இல் அவருடைய இரண்டு உணவகங்களுக்கும் மிஷலேன் என்ற உணவக வழிகாட்டி நூல் மும்மூன்று நட்சத்திரம் கொடுத்தது. உலகப் புகழ் பெற்ற சமையல்காரர் போல் போக்யூஸ் அவரிடம் வேலை கற்றவர். போக்யூஸ் பெயரைச் சொல்கிற இடத்தில் ப்ரசியே பெயரையும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

இரண்டாம் நாள்: உழைக்கும் மலை

மூன்று நாளில் எனக்கு மிகப் பிடித்தது இது. காலையில் ஓத்தெல் தெ வீல் நிலையத்தில் சி வழி மெட்ரோ ஏறி க்ருவா ரூஸ் நிலையத்தில் இறங்குங்கள். வெளியே வந்தால் பெருஞ்சாலை நெடுகக் காய்கறிச் சந்தை. திங்கள் தவிர மற்ற நாள் காலையில் நடக்கும். பழம், ரொட்டி, ஆட்டுப்பால் கட்டி வாங்கிக்கொண்டால் மதியச் சாப்பாடு ஆயிற்று.

அடுத்த நிலையமான ஏனோன் பக்கம் 'கனூ சுவர்' இருக்கிறது. 1,200 சதுர மீட்டர் வெற்றுச் சுவரில் 1987இல் ஒரு முழுத் தெருவையே தீட்டினார்கள். படிக்கட்டு நிஜமா ஓவியமா என்று கிட்டே போய்த்தான் தெரியும். 1997இலும் 2013இலும் மறுபடி வரைந்தபோது, அதில் இருக்கும் ஆட்களுக்கும் வயது கூட்டியிருக்கிறார்கள்.

பிறகு ரூ திவ்ரி தெருவில் மெசோன் தெ கனூ, அதாவது நெசவாளர் இல்லம். நேரத்தை முன்பே பார்த்து, தறி இயக்கிக் காட்டும் சுற்றுக்குப் போய்ச் சேருங்கள். பாவு விரிந்து கிடக்க, நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாய, மேலே அட்டைச் சங்கிலி ஒவ்வொரு மிதிக்கும் ஒரு அட்டை நகரும். அந்தச் சத்தத்தை 'பிஸ்தாங்க்ளாக்' என்று சொல்லிச் சொல்லி, தறிக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது.

வெளியே வந்து வீடுகளை நிமிர்ந்து பாருங்கள். ஒவ்வொரு தளமும் ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரம், ஜன்னல்களும் அதற்கேற்ற உயரம். ஜக்கார்டு தறி உயரமானது, பட்டுக்கு வெளிச்சம் வேண்டும், அதனால் தறிக்கென்றே இப்படிக் கட்டினார்கள். குடும்பம் தூங்குவதற்கு அதே அறையில் மேலே பலகைப் பரண். இன்று அந்தக் கூடங்களை நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

1831 அக்டோபரில் நெசவாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலிப் பட்டியல் ஒன்று பேசி முடிவானது. பட்டு வணிகர்களில் பலர் அதை ஏற்கவில்லை. நவம்பரில் நெசவாளிகள் இந்த மலையிலிருந்து இறங்கி ஊரையே கைப்பற்றினார்கள். அவர்கள் ஏந்திய கறுப்புக் கொடியில் எழுதியிருந்தது: 'உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடி மடிவோம்.' அரசு படையை அனுப்பி ஊரை மீட்டது, கூலிப் பட்டியலும் ரத்தானது. 1834இல் மறுபடி எழுந்தபோது நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். ஐரோப்பியத் தொழிலாளர் வரலாற்றில் இந்த மலைக்குத் தனி இடம் உண்டு.

இதை மனதில் வைத்துக்கொண்டு சரிவில் நடந்து இறங்குங்கள். கோல்பேர் சதுக்கம் 9ஆம் எண்ணில் கூர் தே வொராஸ். ஆறு தளம் உயர்ந்து நிற்கும் திறந்த கல் படிக்கட்டு. பழைய லியோனின் அலங்காரம் இங்கே கிடையாது, சுமை தூக்குகிறவர்களுக்காகக் கட்டியது. இன்னும் கீழே, 'மூன்று கால்' (Three Gauls) என்ற ரோமானிய மாகாணங்களின் பெயர் கொண்ட அரங்கு. கி.பி. 19இல் கட்டியது, 177இல் கிறிஸ்தவர்களைக் கொன்ற இடம். அடிவாரத்தில் தெரோ சதுக்கம். சோன் கரைக்குப் போனால் இன்னொரு சுவரோவியம், லியோனின் பெரிய மனிதர்கள் முப்பது பேர் பால்கனிகளில் நிற்பார்கள். ஜக்காரைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

பிள்ளைகளோடு வந்திருந்தால் மாலையில் கிஞோல் பொம்மலாட்டம் பாருங்கள். அதுவும் பட்டு வழி வந்ததுதான். லோரான் மூர்கே என்ற நெசவாளி, வேலை போனதும் பல் பிடுங்கும் தொழிலுக்கு மாறினார். ஆட்களைக் கூட்டுவதற்கு வைத்த பொம்மலாட்டத்தில் 1808 வாக்கில் பிறந்தவன் கிஞோல். பெரிய மனிதர்களைத் தட்டிக்கேட்கும் ஏழை நெசவாளி அவன்.

மூன்றாம் நாள்: உங்கள் விருப்பம்

சினிமாப் பிரியர்கள் டி வழியில் மோன்ப்ளேசிர் லூமியேர் போக வேண்டும். 1895 மார்ச்சில் லூமியேர் சகோதரர்கள் தங்கள் தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் வெளியே வருவதைப் படம் பிடித்தார்களே, அந்த இடம். தெருவின் பெயரே 'முதல் படத் தெரு'. ஓவியம் பிடித்தவர்களுக்குத் தெரோ சதுக்கத்தில் நுண்கலை அருங்காட்சியகம், செவ்வாய் விடுமுறை. இரண்டு ஆறும் சேரும் முனையில் கண்ணாடியும் எஃகுமாக நிற்பது 2014இல் திறந்த கொன்ஃப்ளுவான்ஸ் அருங்காட்சியகம். எதுவும் வேண்டாம், ஓய்வு போதும் என்றால் தேத் தோர் பூங்கா. 117 ஹெக்டேர், ஏரி, கண்ணாடிப் பசுங்குடில்கள், விலங்குகள், எல்லாம் இலவசம்.

டிசம்பர் 8 ஒட்டிப் போகிறவர்களுக்குத் தீபத் திருவிழா. 1852இல் ஃபூர்வியேரில் மாதா சிலையைத் திறக்க செப்டம்பரில் நாள் குறித்திருந்தார்கள், சோனில் வெள்ளம் வந்து டிசம்பருக்குத் தள்ளிப்போனது. அன்றும் மாலையில் புயல். வாணவேடிக்கை இல்லை என்று ஆனதும், மழை விட்டவுடன் மக்கள் தாங்களாகவே ஜன்னல்களில் மெழுகுவத்தி ஏற்றி வைத்தார்கள். இன்று பெரிய ஒளிக்காட்சிகளுக்குக் கூட்டம் அலைமோதுகிறது, அறைகளை மாதக்கணக்கில் முன்பே பிடிக்க வேண்டும். காட்சிகளைப் பார்த்த பிறகு ஒரு சாதாரணத் தெருவுக்குள் திரும்புங்கள். ஜன்னலோரம் சின்னக் கண்ணாடிக் குவளைகளில் தீபம் வைத்திருப்பார்கள்.

கடைசி நாள் ரயில் பார்-தியுவிலிருந்து என்றால் ஒன்றரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் போல் போக்யூஸ் அங்காடி. பாலாடைக்கட்டி, தொத்திறைச்சி, இனிப்பு என்று வரிசை வரிசையாகக் கடைகள். ஊருக்குக் கொண்டுபோக 'கூசேன்', பச்சை நிறப் பாதாம் பூச்சுக்குள் சாக்லேட் வைத்த, குட்டிப் பட்டுத் தலையணை வடிவ மிட்டாய். பெட்டியில் கெடாமல் வரும். இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பாதாமைப் பாலேட்டில் காய்ச்சி ஊற்றிய ப்ராலீன் 'தார்த்', அதாவது தட்டையான மாப் பண்டம், அவ்வளவு தூரம் தாங்காது. ஒரு துண்டு வாங்கி ரயிலிலேயே சாப்பிட்டுவிடுங்கள். கை ஒட்டும், ஈரத் துணி வைத்துக்கொள்ளுங்கள்.